முக ஜாடை பார்த்து வாரிசுச் சான்றிதழ் கொடுக்க முடியாது

ஒரு மொழியின் சொல்லைப் போலவே இன்னொரு மொழியிலும் ஒரு சொல் ஒலித்துவிட்டால் போதும், இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம். இரண்டு காதும், கொஞ்சம் மொழிப்பற்றும் இருந்தால் சரி. இதை ஆராய்ச்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை இது. நம் ஊர் வம்பை இழுத்தால் பேச்சு சண்டையில் முடியும் என்பதால், ஐரோப்பாவின் ஒரு மூலையில் பேசப்படும் அல்பேனிய மொழியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

ஏன் அல்பேனியம் என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி. அல்பேனியம் அதே தெருவின் கோடி வீடு. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக எட்டிப் பார்த்தவன் நான். அங்கே கண்ட பொய்யும் மெய்யும் நமக்கும் பாடமாக இருக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் சில விவரங்கள். அல்பேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யன், பாரசீகம், சமஸ்கிருதம் எல்லாம் இருக்கிற அதே குடும்பம். ஆனால் அதில் இது தனிக் கிளை; கூடப் பிறந்த மொழி என்று இன்று ஒன்றும் இல்லை. எழுத்துச் சான்றோ மிகவும் பிந்தியது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அல்பேனிய வாக்கியம் 1462-ஆம் ஆண்டின் ஒரு ஞானஸ்நான வாசகம். முதல் புத்தகம் 1555-இல் வெளிவந்த, ஜோன் புஸுக்கு என்ற பாதிரியாரின் பூசைப் புத்தகம். அதிலும் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சி, வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

ஆவணம் இல்லாத இடத்தில் புளுகு புகுந்துகொள்ளும். பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு பல ஆண்டு குப்பை கொட்டியவன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்து 'எத்தா சிவில்' பதிவேட்டைப் பார்க்க வருகிறவர்களில் சிலர், பக்கத்தில் பெயர் இல்லை என்றதும், "ஐயா, என் மூக்கைப் பாருங்க, அப்படியே அவர் மூக்கு" என்பார்கள். மூக்கு ஒன்றாகவே இருக்கலாம். முக ஜாடை பார்த்து வாரிசுச் சான்றிதழ் கொடுக்க முடியாது. யார் மகன், எந்தத் தேதி, யார் சாட்சி என்று ஒவ்வொரு தலைமுறையாக ஏறிப் போய்க் காட்ட வேண்டும்.

சொற்களுக்கும் இதே விதிதான்.

இனி அல்பேனியத்தின் பெயரால் நடக்கும் மூக்கு ஒப்பீட்டைப் பாருங்கள். கிரேக்கர்களுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்லும் பெலாஸ்கர்களின் நேர் வாரிசு அல்பேனியர்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கருத்து கிளம்பியது. யோஹான் கியோர்க் ஃபான் ஹான் என்ற ஆஸ்திரியத் தூதரக அதிகாரி 1854-இல் எழுதிய பெரிய நூல் அதற்கு உரம் போட்டது. அல்பேனிய மொழி, வழக்கங்கள் பற்றி அரிய செய்திகளைத் திரட்டியவர் அவர். அந்த மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் பெலாஸ்கர் மொழியில் படித்தறியத்தக்க ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. தாத்தாவின் முகமே தெரியாதபோது பேரனின் ஜாடையை எதோடு ஒப்பிடுவது?

இதற்குப் பிறகு கற்பனை கட்டவிழ்ந்துகொண்டது. கிரேக்கக் கடவுள் ஸியூஸ் என்பது அல்பேனியத்தில் 'குரல்' என்று பொருள்படும் 'ஸெ' என்றார்கள். அஃப்ரோடைட் என்பது 'அஃபர் டிட்டா', அதாவது 'பகலுக்குப் பக்கம்', விடிவெள்ளி என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பிரெஞ்சிலும் இந்தக் கூத்து நடந்தது. ஸக்காரி மயானி என்பவர் 1961-இல் பாரிசில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இத்தாலியில் ரோமர்களுக்கு முன்பு ஓங்கியிருந்த எட்ருஸ்கர்களின் கல்வெட்டுகளை அல்பேனியத்தின் துணையோடு படித்துவிட்டேன் என்பது அவர் வாதம். இருபத்தைந்து நூற்றாண்டுக்கு முந்திய எழுத்தை இன்றைய அகராதியை வைத்துக்கொண்டு படிப்பது! பிரெஞ்சில் அழகாக எழுதப்பட்ட புத்தகம்தான். அழகாக எழுதப்பட்டதெல்லாம் உண்மை என்றால் வக்கீல் நோட்டீஸ்கள் எல்லாம் வேதமாகிவிடும்.

சரி, மெய்யைக் கண்டுபிடிக்க வழி என்ன? அந்த வழியைப் பிரெஞ்சு வகுப்பில் டிக்தே எழுதிய ஒவ்வொரு பிள்ளையும் தன்னை அறியாமலே கற்றிருக்கிறது. 'ஒப்பித்தால்', 'ஃபொரே', 'ஃபெத்' என்ற சொற்களில் ஓர் உயிரெழுத்தின் தலையில் சின்னத் தொப்பி இருக்கும். தொப்பியை மறந்தால் மதிப்பெண் போகும். அந்தத் தொப்பி என்ன? அந்த இடத்தில் ஒரு காலத்தில் 'ஸ்' இருந்தது, அது தேய்ந்து போயிற்று என்பதற்கான அடையாளம். ஆங்கிலத்தில் ஹாஸ்பிடல், ஃபாரஸ்ட், ஃபீஸ்ட் என்று அந்த 'ஸ்' இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல்லில் மட்டும் போகவில்லை, அந்தச் சூழலில் இருந்த சொற்களில் வரிசையாகப் போயிற்று. இதற்குப் பெயர்தான் ஒலி மாற்ற விதி.

கன்னடம் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. நம் 'ப' அங்கே 'ஹ'. இது தற்செயல் அல்ல என்பதற்குச் சான்று ஜாடை அல்ல, வரிசை.

அல்பேனியத்தில் அந்த வரிசையைப் பார்ப்போம். அந்த மொழியில் சொல்லின் கடைசியில் பிரெஞ்சு 'லெ'யில் வருவது போன்ற ஓர் அரை உயிர் எழுதப்படும். பலர் அதை உச்சரிப்பதில்லை. நானும் தமிழில் எழுதும்போது அதை விட்டுவிடுகிறேன்.

பாம்புக்குச் சமஸ்கிருதத்தில் சர்ப்பம், பிரெஞ்சில் ஸெர்பான். அல்பேனியத்தில் ஜ்யார்ப்பர். ஆறு என்ற எண் சமஸ்கிருதத்தில் ஷஷ் (நம் சஷ்டியில் இருப்பது), பிரெஞ்சில் ஸிஸ். அல்பேனியத்தில் ஜ்யாஷ்ட். தூக்கத்துக்குச் சமஸ்கிருதத்தில் ஸ்வப்னம் (நாம் சொப்பனம் என்கிறோம்), பிரெஞ்சில் ஸொமெய். அல்பேனியத்தில் ஜ்யூம். மூன்று சொல்லிலும் பழைய 'ஸ'கரம் இருந்த இடத்தில் அல்பேனியம் 'ஜ்ய' வைக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஜ்யூமும் சொப்பனமும் உறவு என்று யாராவது நம்புவார்களா? வரிசையில் வைத்தால் மறுக்க முடியாது.

"ஏழு மட்டும் ஏன் ஷ்டாட் என்று வருகிறது? சப்தம், ஸெத் என்பதற்கு 'ஜ்ய' அல்லவா வர வேண்டும்?" என்று கூர்மையான வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 'ஜ்ய' வருவது அழுத்திச் சொல்லும் உயிருக்கு முன்னால். ஏழில் அழுத்தம் பின்னால் போய்விட்டது, முதல் உயிர் தேய்ந்து விழுந்தது, 'ஸ' அங்கே 'ஷ' ஆயிற்று என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். விதிவிலக்குக்கும் ஒரு விதி சொல்லியாக வேண்டும் என்பதுதான் இந்த முறையின் கண்டிப்பு. ஜாடை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கண்டிப்பு கிடையாது. பொருந்தினால் எடுத்துக்கொள்வார்கள், பொருந்தாவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இன்னொன்று. குளிர்காலத்துக்கு அல்பேனியத்தில் டிமர். பிரெஞ்சில் இவேர். சமஸ்கிருதத்தில் பனிக்கு ஹிமம், பனிப் பருவத்துக்கு ஹேமந்தம். இமயமலையின் பெயரில் இருப்பதும் அதே ஹிமம்தான். கைக்கு அல்பேனியத்தில் டோர், கிரேக்கத்தில் கெயிர். அறுவை சிகிச்சைக்குப் பிரெஞ்சில் ஷிருர்ஜி என்கிறோமே, அது 'கை வேலை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதன் தலையில் இருப்பது இந்தக் கெயிர்தான். மூலமொழியில் இருந்த ஒரு வகை 'க'கரம் சமஸ்கிருதத்தில் ஹகரமாகவும், கிரேக்கத்தில் மூச்சுக் கலந்த ககரமாகவும், அல்பேனியத்தில் 'ட'வாகவும் ஆயிற்று. இவேருக்கும் டிமருக்கும் முக ஜாடை அறவே கிடையாது. ஆனாலும் பங்காளிகள். இந்தப் பழைய ககரங்களின் கணக்கைத் தீர்த்து வைத்தவர்களில் முக்கியமானவர் ஹோல்கர் பெடர்சன் என்ற டென்மார்க்காரர். 1900-இல் அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்.

ஜாடை இருந்தும் உறவு இல்லாததற்குச் சான்று வேண்டுமா? நெருப்புக்குப் பிரெஞ்சில் ஃபெ, ஜெர்மனில் ஃபொயர். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் ஒன்று, நாடும் பக்கத்து நாடு. ஆனால் ஃபெ என்பது அடுப்பைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபோக்குஸ்'. ஃபொயர் என்பது கிரேக்கத்தின் 'பூர்' என்ற சொல்லுக்கு உறவு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பாரசீகத்தில் கெட்டது என்பதற்கு 'பத்', ஆங்கிலத்தில் 'பேட்'. அதுவும் தற்செயல்தான்.

பொருளும்கூட ஏமாற்றும். அல்பேனியத்தில் 'மோட்டர்' என்று ஒரு சொல். கிணற்று மோட்டார் இல்லை. சமஸ்கிருத மாதா, பிரெஞ்சு மேர் ஆகியவற்றின் பங்காளி. பழைய நெடில் 'ஆ' அல்பேனியத்தில் 'ஓ' ஆகும் என்ற விதிப்படி மிகச் சரியாக வந்திருக்கிறது. ஆனால் அதன் பொருள் தாய் அல்ல, சகோதரி! தாய்க்கு அங்கே 'நென்' என்று வேறு சொல். நமக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. கூட்டுக் குடும்பங்களில் அத்தையும் சித்தப்பாவும் கூப்பிடுவதைக் கேட்டுப் பெற்ற தாயையே 'அண்ணி' என்று அழைத்த பிள்ளைகளை நாம் பார்த்தவர்கள்தானே. வீட்டுக்குள் உறவுச் சொற்கள் இடம் மாறும். ஒலி விதி மட்டும் தன் கணக்கைத் தவறவிடாது.

இப்போது கூண்டில் நிற்கும் ஸியூஸைத் திரும்பப் பார்ப்போம். 'ஸெ' என்ற குரலுக்கு வட அல்பேனியப் பேச்சில் 'ஸான்' என்று மூக்கொலியோடு வடிவம் இருக்கிறது. அதாவது பழைய சொல்லில் 'ன்' இருந்தது; தெற்கில் பிற்காலத்தில் உதிர்ந்தது. ஸியூஸ் என்ற எழுவாய் வடிவத்தில் அந்த 'ன்' எங்கே? தவிர, ஸியூஸ் என்பது வேதத்தின் த்யௌஸ், இலத்தீனில் ஜுபிடரின் முதல் பாதி என்று வரிசையாகப் பொருந்துகிறது. ஒளிரும் வானம் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், அல்பேனியத்தில் பகலைக் குறிக்கும் 'டிட்' என்ற சொல்லை அறிஞர்கள் பலர் அந்த ஒளி வேரோடு சேர்க்கிறார்கள். அப்படியானால் ஸியூஸின் உண்மையான அல்பேனிய உறவினர் பக்கத்தில் நிற்க, பெலாஸ்கப் பற்றாளர்கள் வழியில் போன 'குரலை' இழுத்து வந்து மாலை போட்டிருக்கிறார்கள்.

எட்ருஸ்கன் கதை இன்னும் மோசம். அந்தக் கல்வெட்டில் இருப்பது அல்பேனியத்தின் பாட்டன் மொழி என்றால், அதில் இன்றைய வடிவம் இருக்கக் கூடாது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு ஒலி மாற்றத்தைப் பின்னோக்கிக் கழித்துக் காட்ட வேண்டும். அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். நூறு வருடத்துக்கு முந்திய பத்திரத்தில் பால்பாயிண்ட் பேனா மை இருந்தால் என்ன செய்வோம்? மயானியின் புத்தகம் வந்து மூன்றே ஆண்டில், 1964-இல், ரோமுக்கு வடக்கே பிர்ஜி என்ற இடத்தில் மூன்று பொன் தகடுகள் கிடைத்தன. ஒன்று பினீசிய மொழியில், இரண்டு எட்ருஸ்கனில். கிட்டத்தட்ட ஒரே செய்தி. பினீசியத்தில் 'மூன்று' என்று வரும் இடத்தில் எட்ருஸ்கனில் இருந்த சொல் 'கி'. அல்பேனியத்தில் மூன்றுக்கு 'ட்ரெ'. பிரெஞ்சு த்ருவா, சமஸ்கிருத த்ரி இவற்றோடு நிற்கும் 'ட்ரெ'. எண்ணுப் பெயரே ஒட்டவில்லை. அதற்கு மேல் என்ன வழக்கு?

இவ்வளவு ஜோடனை ஏன் என்று யோசித்தால், ஓர் எண்ணிக்கை கண்ணில் படுகிறது. குஸ்தாவ் மேயர் என்ற ஆஸ்திரியப் பேராசிரியர் 1891-இல் அல்பேனியத்துக்குச் சொற்பிறப்பு அகராதி வெளியிட்டார். ஐயாயிரத்துச் சொச்சம் சொற்களில், மூலமொழியிலிருந்து நேரே வந்தவை என்று அவர் உறுதியாகக் கண்டது சுமார் 400. இலத்தீன் வழி வந்தவை 1,400-க்கு மேல், துருக்கி 1,100-க்கு மேல், கிரேக்கம் 800-க்கு மேல், ஸ்லாவியம் 500-க்கு மேல். பின்னால் வந்தவர்கள் சொந்தச் சொற்களின் கணக்கைக் கூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கடன் அதிகம் என்பது மாறவில்லை. இந்தக் கணக்கு சிலருக்கு அவமானமாகப் பட்டது. "நாங்களா கடன்காரர்கள்? நாங்கள்தான் எல்லோருக்கும் கொடுத்தவர்கள்" என்று கிளம்பினார்கள்.

கடன் சொல்லில் அவமானம் எதுவும் இல்லை. அதுதான் அந்த மக்களின் சரித்திரத்துக்குத் தேதி போட்டுக் கொடுக்கிறது. வானத்துக்கு இலத்தீன் கைலும், பிரெஞ்சில் ஸியெல், அல்பேனியத்தில் க்யெல். நகரத்துக்குப் பிரெஞ்சில் ஸித்தே, அல்பேனியத்தில் க்யுடெட். இரண்டும் ஒரே இலத்தீன் சொல். பிரெஞ்சில் ககரம் ஸகரமாக உருகிவிட்டது. அல்பேனியம் ககரச் சாயலை வைத்துக்கொண்டிருக்கிறது. எனவே, அந்தக் ககரம் உருகுவதற்கு முன்பே, ரோமர் ஆண்ட காலத்திலேயே இச்சொற்கள் அல்பேனியருக்குள் வந்துவிட்டன. ஆரோக்கியத்துக்குப் பிரெஞ்சில் ஸாந்தே, அல்பேனியத்தில் ஷன்டெட். அம்புக்கு இலத்தீன் ஸகிட்டா, அல்பேனியத்தில் ஷிஜ்யெட். கவனித்தீர்களா, முதல் எழுத்து 'ஜ்ய' ஆகவில்லை. பாம்பையும் தூக்கத்தையும் மாற்றிய அந்தப் பழைய விதி ரோமர்கள் வருவதற்குள் வேலை முடித்துப் போய்விட்டது. எந்தப் பதிவேடும் இல்லாத காலத்துக்கு இப்படி முன்பின் வரிசை போட்டுக் கொடுக்க வேறு எதனால் முடியும்? கடன் வாங்கியதை மறைக்கிறவர்கள் இந்தப் பதிவேட்டைத்தான் கிழிக்கிறார்கள்.

கிழித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: நார்பெர்ட் யோக்ல். வியன்னா பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த யூதர். அல்பேனியச் சொற்களின் பிறப்பைத் தேடியே வாழ்நாளைக் கழித்தவர். அல்பேனியாவின் தலைசிறந்த மொழியறிஞர் எக்ரெம் சாபேய் அவரிடம் படித்தவர். 1938-இல் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனதும் யோக்லின் வேலை போயிற்று. 1942-இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள்; அந்த ஆண்டே இறந்தார். இந்தோ-ஐரோப்பிய மொழி ஆராய்ச்சியிலிருந்து 'ஆரியர்' என்ற சொல்லைத் திருடி, மொழி உறவை இரத்த உறவாக்கி, பெருமையை வெறியாக்கியவர்கள், அதே மொழிக் குடும்பத்தின் சொல் கணக்கை நேர்மையாக எழுதிய மனிதரைக் கொன்றார்கள். முறையை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டால் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கடைசியாக நம் பக்கம். அல்பேனியத்தில் மலைக்கு 'மால்' என்று பெயர். "பார்த்தீர்களா, மலை!" என்று இதைப் படிக்கும்போதே சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அறிஞர்கள் இதை ருமேனிய மொழியில் கரையைக் குறிக்கும் 'மால்', லாத்விய மொழியில் ஓரத்தைக் குறிக்கும் 'மாலா' என்பவற்றோடு சேர்க்கிறார்கள். நமக்கும் அதற்கும் உறவு என்றால் வரிசை காட்ட வேண்டும். கை அங்கே டோர், கண் 'ஸூ', தலை 'கோக்', நீர் 'ஊய்', நெருப்பு 'ஸ்யார்'. எங்கே வரிசை? இரண்டாயிரம் ஆண்டு எழுத்துச் சான்று கையில் இருக்கும் தமிழுக்கு இந்த ஒற்றை மூக்கு ஒப்பீடு எதற்கு? பெட்டியில் மூலப் பத்திரம் இருக்கிறவன் போலி முத்திரை குத்திக்கொண்டு அலைவானா?

இனி யாராவது ஒரு ஜோடிச் சொல்லைக் கொண்டுவந்து நீட்டினால் மூன்றே கேள்வி கேளுங்கள். இதே ஒலி மாற்றம் வேறு எத்தனை சொற்களில் இருக்கிறது? இந்தச் சொல்லின் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வடிவம் என்ன? கடனாக வந்திருக்க வாய்ப்பில்லை என்று எப்படித் தெரியும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துக் கேளுங்கள். இல்லையென்றால், அவர் எவ்வளவு நெருங்கிய சிநேகிதராக இருந்தாலும், எவ்வளவு தமிழ்ப்பற்று உள்ளவராக இருந்தாலும், மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உரிய ஆவணங்களுடன் மீண்டும் வரச் சொல்லுங்கள்.